காலத்தை வெட்டி ஒட்டும் வரைபடங்கள்

ஆய்வேட்டில் இடம்பெறும் கால வரைபடம் ஒன்றில் கிடை அச்சு நடுவில் வெட்டப்பட்டு, இரண்டு சிறு சாய்கோடுகளால் ஒட்டப்பட்டிருந்தால், அதைத் தோற்றக் குறை என்ற அளவிலேயே நெறியாளர்கள் கடந்து போகிறார்கள். அச்சு வெட்டப்படாமல், சமமற்ற இடைவெளி கொண்ட ஆண்டுகள் சம இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால் அது குறையாகக்கூடக் கருதப்படுவதில்லை. இவை ஒரே பிழையின் இரு வடிவங்கள். முன்னது சொல்லிவிட்டுக் காலத்தை வெட்டுகிறது. பின்னது சொல்லாமல் வெட்டுகிறது. இரண்டுமே தரவில் இல்லாத ஒன்றை வாசகரின் கண்ணில் பதிக்கின்றன. இந்தியத் தரவுகளைக் கையாளும் மக்கள்தொகையியல், மொழியியல், சமூகவியல் ஆய்வுகளில் இப்பழக்கம் தொடருமானால், 2027 கணக்கெடுப்பின் முடிவுகள் வெளிவரும்போது அதற்குக் கொடுக்க வேண்டிய விலை பெரிதாக இருக்கும்.

கால வரைபடத்தில் புள்ளிகள் மட்டும் பேசுவதில்லை. புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வுதான் அதன் முதன்மையான கூற்று. எவ்வளவு மாறியது என்பதைச் செங்குத்து அச்சும், அம்மாற்றத்துக்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைக் கிடை அச்சும் சொல்கின்றன. இரண்டின் விகிதமே சாய்வு. கிடை அச்சில் ஆறு ஆண்டுகளை எடுத்துவிட்டால் சாய்வு பொய்யாகிறது. அந்த இடத்தில் வெட்டுக்குறி இட்டாலும் பொய்யான சாய்வு மெய்யாவதில்லை. குறியைப் பார்த்த பிறகு, வரையப்பட்ட சாய்வை மனத்துக்குள் திருத்திக்கொண்டு படிக்கும் ஆற்றல் எவருக்கும் இல்லை.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சு என்று எண்ணுவோர், இந்திய ஆய்வேடுகளில் மிகுதியாக எடுத்தாளப்படும் தேசியக் குடும்ப நல ஆய்வின் ஆண்டுகளைப் பார்க்கலாம். 1992-93, 1998-99, 2005-06, 2015-16, 2019-21 என ஐந்து சுற்றுகள். இடைவெளிகள் முறையே ஏறத்தாழ 6, 7, 10, நாலரை ஆண்டுகள். ஆனால் வரைபடங்களில் இவை சுற்று-1, சுற்று-2 எனப் பெயரிடப்பட்டு, ஒரே அகலத்தில் வரிசையாக நிற்கின்றன. சுற்று-4 என்பதில் உள்ள 4 ஒரு பெயர். முன்பின் வரிசையைக் காட்டுவது மட்டுமே அதன் வேலை. அதை அளவாக எண்ணி அச்சில் வைப்பது, மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் முதல் மாடியில் குடியிருப்பவரைவிட மும்மடங்கு உயரமானவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோரின் விழுக்காடு 2005-06இல் 48.0, 2015-16இல் 38.4, 2019-21இல் 35.5. சம இடைவெளியில் வரைந்தால் முதல் துண்டு 9.6 புள்ளிகள் இறங்குகிறது. இரண்டாம் துண்டு 2.9 புள்ளிகள் மட்டுமே இறங்குகிறது. முன்னேற்றத்தின் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது என்பதே அப்படத்தைக் காண்போர் கொள்ளும் முடிவு. காலத்தை அதன் அகலத்தில் வைத்து வரைந்தால் கதை வேறு. முதல் துண்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.96 புள்ளி, இரண்டாம் துண்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.64 புள்ளி. வேகம் குறைந்திருப்பது மெய். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு எஞ்சியிருக்கிறது. ஊட்டச்சத்துத் திட்டங்கள் முடங்கிவிட்டன என்று எழுதுவதற்கும் அவற்றின் வேகம் தளர்ந்திருக்கிறது என்று எழுதுவதற்கும் இடையிலான வேறுபாடு இது. அரசை எதிர்ப்போருக்கும் ஆதரிப்போருக்கும் இவற்றில் ஒன்று உவப்பாக இருக்கலாம். ஆய்வாளர் எதை எழுதுவது என்பதை அச்சின் அகலம் தீர்மானிக்க வேண்டுமேயன்றி, உவப்பு தீர்மானிக்கக் கூடாது.

இதே ஆய்வின் ஐந்தாம் சுற்றில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் களப்பணி இரண்டு கட்டங்களாக நடந்தது. கேரளம், கர்நாடகம், பீகார் உள்ளிட்ட மாநிலங்கள் 2019 ஜூன் முதல் 2020 ஜனவரி வரையிலான முதற்கட்டத்திலும், தமிழ்நாடு, உத்தரப் பிரதேசம், ஒடிசா உள்ளிட்டவை 2021 ஏப்ரல் வரை நீண்ட இரண்டாம் கட்டத்திலும் இடம்பெற்றன. நடுவில் பெருந்தொற்றும் ஊரடங்கும் வந்தன. கேரளத்தின் புள்ளி ஊரடங்குக்கு முற்பட்டது. தமிழ்நாட்டின் புள்ளியில் அதற்குப் பிற்பட்ட களப்பணியும் அடங்கும். இரண்டையும் 'சுற்று-5' என்ற ஒரே தடத்தில் நிறுத்தி ஒப்பிடும் வரைபடம், எந்த நிகழ்வின் தாக்கத்தை ஆராய வேண்டுமோ அந்நிகழ்வையே அச்சிலிருந்து அழித்துவிடுகிறது.

'மென்பொருள் அப்படித்தான் வரைந்து தந்தது' என்பது வாய்மொழித் தேர்வுகளில் கேட்கும் விடை. அது பாதி உண்மை. '2015-16' என்று தட்டச்சு செய்த கலத்தை எக்செல் எழுத்தாகவே கொள்கிறது. கோட்டு வரைபடம் கேட்டால் எழுத்துகளைச் சம இடைவெளியில் அடுக்குகிறது. அதே தரவை எண்ணாக மாற்றிச் சிதறல் வரைபடம் கேட்டால் இடைவெளிகளைச் சரியாக வைக்கிறது. ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 இன்னும் ஒரு படி மேலே சென்று எச்சரிக்கவும் செய்கிறது. ஆண்டு எழுத்தாக இருந்தால் கோடு வரைய மறுத்து, ஒவ்வொரு குழுவிலும் ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது என்று செய்தி தருகிறது. இவற்றை இணைக்கும் கால ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை என்பதே அச்செய்தியின் பொருள். மாணவர் செய்வது என்ன? இணையத்தில் தேடி, 'குரூப் = 1' என்ற ஒரு சொற்றொடரைச் சேர்க்கிறார். கோடு தோன்றிவிடுகிறது. மென்பொருள் எழுப்பிய நியாயமான கேள்வி அத்துடன் அடக்கப்படுகிறது.

அச்சை வெட்டும் வசதியும் அப்படியே. ஜிஜிபிளாட்2-இன் அடிப்படை அமைப்பில் அதற்கு இடமில்லை. பிளாட்ரிக்ஸ் போன்ற தனித் தொகுப்புகள் அதைத் தருகின்றன. 2021இல் வந்த ஜிஜிபிரேக் அதை மேலும் எளிதாக்கியது. பைத்தானின் மேட்பிளாட்லிப் தன் எடுத்துக்காட்டுகளிலேயே அச்சு முறிக்கும் வழியைக் காட்டுகிறது. கருவியைச் செய்தவர்கள் மீது குற்றமில்லை. பரிசோதனைக்கூடத்தில் ஒரு வேதிச்சேர்மத்தின் அளவு மற்றவற்றைவிடப் பன்மடங்கு மிகும்போது செங்குத்து அச்சை முறிக்கும் தேவை சில வேளை எழலாம். அந்தக் கருவியைக் கால அச்சின் மீது பாய்ச்சுவதுதான் சிக்கல்.

மொழியியல் மாணவர்களுக்கு இச்சிக்கல் இன்னும் நெருக்கமானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாய்மொழிப் பட்டியலைத் தொடாமல் இந்திய மொழிகளின் நிலை குறித்து எழுத முடியாது. அப்பட்டியலோ ஓட்டைகள் நிறைந்தது. 1981இல் அசாமில் கணக்கெடுப்பே நடைபெறவில்லை; ஆகவே அசாமிய, போடோ மொழிகளுக்கு அவ்வாண்டின் எண் கிடையாது. 1991இல் ஜம்மு காஷ்மீரில் நடைபெறவில்லை. காஷ்மீரி மொழிக்கு எண் கிடையாது. தமிழின் 1981ஆம் ஆண்டுக் கட்டமும் வெறுமையாகவே இருக்கிறது. தமிழ்நாட்டின் கணக்கெடுப்புப் பதிவேடுகள் வெள்ளத்தில் அழிந்தன என்பது பட்டியலின் அடிக்குறிப்பு தரும் காரணம்.

தமிழ் பேசுவோர் 1971இல் 3,76,90,106, 1991இல் 5,30,06,368, 2001இல் 6,07,93,814. வெறுமையான 1981 வரிசையை நீக்கிவிட்டு, எஞ்சிய ஆண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? முதல் துண்டில் 40 விழுக்காடு வளர்ச்சி. அடுத்த துண்டில் 15 விழுக்காட்டுக்கும் குறைவு. பத்தாண்டுக் கணக்காக இதைப் படிப்பவர், தமிழின் வளர்ச்சி ஆண்டுக்கு மூன்றரை விழுக்காட்டிலிருந்து 1.4 விழுக்காட்டுக்கு வீழ்ந்துவிட்டது என்று முடிவு செய்வார். உலகமயமும் ஆங்கிலவழிக் கல்வியும் 1991க்குப் பின் தமிழை வீழ்த்தின என்று ஒரு கட்டுரை எழுதுவதற்கு அந்தச் சாய்வு போதும். உண்மையில் முதல் துண்டு இருபது ஆண்டுகள் கொண்டது. ஆண்டு வளர்ச்சி ஏறத்தாழ 1.7 விழுக்காட்டிலிருந்து 1.4 ஆகியிருக்கிறது. பிறப்பு விகிதம் இறங்கிவந்த ஒரு மாநிலத்தில் இது எதிர்பார்க்கத்தக்க தளர்வே. அந்த 'வீழ்ச்சி' நீக்கப்பட்ட ஒரு வரிசையிலிருந்து பிறந்தது.

போடோ மொழியில் இது அரசியலாகவே மாறுகிறது. 1971இல் 5,56,576 பேர். 1991இல் 12,21,881 பேர். 2001இல் 13,50,478 பேர். முதலிரண்டு எண்களைப் பத்தாண்டு அகலத்தில் வரைந்தால் ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வளர்ச்சி தோன்றுகிறது. மொழியும் நிலமும் குடியேற்றமும் கொதித்துக்கொண்டிருந்த பகுதியில், அப்படியொரு கோட்டைக் காட்டி எந்த அச்சத்தையும் மூட்டிவிட முடியும். இருபது ஆண்டு அகலத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு. அதுவும் மிகுதியே. அதில் பிறப்பால் கூடியது எவ்வளவு, தம்மைப் போடோ மொழியினர் என்று புதிதாகப் பதிவுசெய்துகொண்டோரால் கூடியது எவ்வளவு என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அக்கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, எண்ணிக்கை நடைபெறாத 1981இன் இருபுறமும் கிடக்கிறது. வெற்றிடம் படத்தில் இருந்தால்தான் கேள்வி எழும்.

இங்கேதான் வெட்டுக்குறியின் பெருங்குறை வெளிப்படுகிறது. இந்தியத் தரவின் வெற்றிடங்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அசாமில் 1981இல் எண்ணவே இல்லை. தமிழ்நாட்டில் எண்ணினார்கள், பதிவேடு அழிந்தது. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வு நடந்து முடிந்தது. தரவின் தரத்தில் குறை இருப்பதாகச் சொல்லி, அதை வெளியிடுவதில்லை என்று 2019 நவம்பரில் அரசு அறிவித்தது. 2021 கணக்கெடுப்பு பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. எண்ணாதது, அழிந்தது, வெளியிடாதது, தள்ளிப்போனது: நான்கும் நான்கு வேறு வரலாறுகள். இந்நான்கின் மீதும் ஒரே இரட்டைச் சாய்கோட்டை இழுத்துவிட்டால், நான்கும் வரைந்தவரின் வசதிக்காக விடப்பட்ட இடைவெளி போல ஆகிவிடுகின்றன. நுகர்வுச் செலவு வரைபடத்தில் 2011-12ஐயும் 2022-23ஐயும் முறிந்த அச்சால் ஒட்டுபவர், வெளியிடப்படாத ஆய்வு ஒன்று நடுவில் இருந்தது என்பதை மறைக்கத் தாமறியாமலே துணைபோகிறார்.

எதிர்வாதங்கள் சில உண்டு. அவற்றுள் சில மதிக்கத்தக்கவை.

பங்குச்சந்தை வரைபடங்களில் சனி, ஞாயிறு நீக்கப்படுகின்றனவே, அது மட்டும் சரியா என்று கேட்கலாம். சரிதான். அங்கே அளக்கப்படுவது வணிக நாள். வணிகம் நடைபெறாத நாள் அந்த அளவுகோலில் இல்லாத நாள். ஆனால் அசாமில் 1981இல் மக்கள் வாழ்ந்தார்கள், பேசினார்கள், குழந்தை பெற்றார்கள். எண்ணுபவர் வராததால் அந்த ஆண்டு இல்லாமல் போய்விடவில்லை.

பக்கத்தில் இடம் போதாது என்பது அடுத்த வாதம். 1901 வரை நீளும் தொடரில் ஐம்பது ஆண்டு வெறுமை இருந்தால் படம் ஒரு மூலையில் ஒடுங்கிவிடும் என்பது உண்மை. அதற்கு வழி, இரண்டு தனிக் கட்டங்களாக வரைவது. ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, இரண்டிலும் ஓர் ஆண்டுக்கு ஒரே அகலம், நடுவில் எந்தக் கோடும் பாயாமை. கண் அவற்றை இரண்டு படங்களாகவே படிக்கும். இல்லாத சாய்வைக் கற்பனை செய்யாது. ஐந்தாறு எண்கள் மட்டுமே இருக்குமானால் வரைபடமே வேண்டாம், அட்டவணை போதும்.

அடிக்குறிப்பில் சொல்லிவிட்டோமே என்பது மூன்றாவது வாதம். அடிக்குறிப்பு ஆய்வேட்டுக்குள் மட்டுமே வாழும். படம் அங்கிருந்து கருத்தரங்கத் திரைக்கும், திரையிலிருந்து கைப்பேசிப் படமாகப் புலனக் குழுவுக்கும் போகும்போது குறிப்பு உதிர்ந்துவிடும், சாய்வு மட்டும் பயணம் செய்யும்.

செங்குத்து அச்சை முறிப்பதும் கால வரைபடத்தில் இதே வேலையைச் செய்யக்கூடும். சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 1971இல் 2,212, 1981இல் 6,106, 1991இல் 49,736, 2001இல் 14,135, 2011இல் 24,821. 1991இன் உச்சி மற்ற புள்ளிகளை அமுக்குகிறது என்று அதை வெட்டி ஒட்டினால் படம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் அத்தொடரில் ஆராயத்தக்க பொருளே அந்த உச்சிதான். பத்தே ஆண்டுகளில் ஒரு மொழியின் பேச்சாளர்கள் எட்டு மடங்காகி, அடுத்த பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருங்குவது இயல்பான மொழிப் பரவலால் நிகழாது. கேட்கப்பட்டோர் தந்த விடை மாறியிருக்கிறது. மடக்கை அளவுகோலில் வரைந்தால் எல்லாப் புள்ளிகளும் தெரியும். உச்சியும் உச்சியாகவே நிற்கும்.

இவ்வளவு காலம் இப்பிழை பெரிதாகத் தண்டிக்கப்படாததற்கு ஒரு காரணம் உண்டு. 1881 முதல் 2011 வரை இந்தியக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தது. 1941இல் போரின் காரணமாக அட்டவணைப்படுத்தும் பணி சுருக்கப்பட்டபோதும் எண்ணிக்கை நின்றுவிடவில்லை. பதினான்கு கணக்கெடுப்புகளும் உண்மையிலேயே சம இடைவெளியில் அமைந்ததால், ஆண்டுகளைப் பெயர்களாகக் கருதி அடுக்கியவருக்கும் முழு நாட்டுத் தொகையைப் பொறுத்தவரை சரியான படமே கிடைத்தது. கை அதற்குப் பழகிவிட்டது. அந்த ஒழுங்கு இப்போது முறிந்துவிட்டது. முந்தைய கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2011 மார்ச் 1. அடுத்ததன் குறிப்பு நாள், பனிமூடும் பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1. இடையில் பதினாறு ஆண்டுகள்.

பழகிய கை 2001, 2011, 2027 என்று மூன்று புள்ளிகளைச் சம தூரத்தில் வைக்கும். விளைவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2001-11 பத்தாண்டில் நாட்டின் வளர்ச்சி 17.7 விழுக்காடு. 2011-27 காலத்தில் ஒரு மாநிலமோ ஒரு மொழிக் குழுவோ ஒரு சமயத்தாரோ 20 விழுக்காடு வளர்ந்ததாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், படத்தில் கோடு முன்னைவிடச் செங்குத்தாக ஏறும். பதினாறு ஆண்டு 20 விழுக்காடு என்பது பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடுதான். இறங்குமுகம் ஏறுமுகமாகத் தெரியும்.

இத்தகைய படங்கள் எங்கெல்லாம் போகும் என்பதும் தெரிந்ததே. 84ஆம் அரசமைப்புத் திருத்தம், 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும் வரை, மாநிலங்களுக்கு இடையிலான மக்களவை இடப்பங்கீட்டை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே நிறுத்தி வைத்தது. தொகுதி மறுவரையறை, மொழிகளின் பங்கு, சமயங்களின் பங்கு ஆகியவற்றைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் அந்த எண்களை எதிர்பார்த்துக் காத்திருக்கின்றன. 'எங்கள் எண்ணிக்கை சரிந்தது', 'அவர்கள் எண்ணிக்கை பாய்ந்தது' என்று சொல்ல விரும்புவோருக்கு ஆய்வாளரின் பெயர் பொறித்த படம் ஒன்று கிடைத்தால் போதும்.

ஆகவே துறைகளும் நெறியாளர்களும் ஆய்விதழ்களும் சிலவற்றை விதியாகவே கொள்ள வேண்டும்.

1. கால அச்சில் வரும் ஆண்டு, தேதியாகவோ எண்ணாகவோ இருக்க வேண்டும். சுற்றின் பெயரை அச்சாக்கக் கூடாது. ஓராண்டுக்கு மேல் நீளும் ஆய்வுக்குக் களப்பணியின் நடுநாளைக் கொள்ளலாம்.

2. தரவு இல்லாத ஆண்டின் வரிசையை நீக்கக் கூடாது. வெறுமை மதிப்பாக விட்டால் ஆரும் பைத்தானும் கோட்டைத் தாமே விட்டு வரையும். இருபுறப் புள்ளிகளையும் இணைத்தே ஆக வேண்டுமானால் புள்ளிக்கோடு போதும்.

3. வெற்றிடத்தின் காரணத்தைப் படத்துக்குள்ளேயே ஒரு வரியில் எழுத வேண்டும்: எண்ணவில்லை, அழிந்தது, வெளியிடவில்லை, தள்ளிவைக்கப்பட்டது.

4. இடைவெளிகள் சமமற்றவையாக இருந்தால், மொத்த மாற்றத்தோடு ஆண்டு விகிதத்தையும் தர வேண்டும்.

5. தேர்வாளர்கள் கால வரைபடத்தைக் கண்டதும் முதலில் கிடை அச்சைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டும்; வண்ணத்தையும் எழுத்துருவையும் பற்றிப் பிறகு பேசலாம்.

இவற்றுள் எதற்கும் புதிய மென்பொருள் வேண்டியதில்லை, நிதி வேண்டியதில்லை. ஒரு நெடுவரிசையை எழுத்திலிருந்து எண்ணாக மாற்ற ஒரு நிமிடம் ஆகும். 2027இன் மாநிலவாரி எண்களும் தாய்மொழிப் பட்டியலும் வெளியாகும் நாளில் வரைபடங்கள் மழைபோல் வந்து கொட்டும். அவற்றுள் எதையும் பகிர்வதற்கு முன், 2011க்கும் 2027க்கும் இடையில் பதினாறு ஆண்டின் அகலம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இல்லாத படத்தை வரைந்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.